மழை நாளில் அப்பாவை எரித்தது

அப்பா குளிக்க வெந்நீர் கேட்டார். நான் பின்பக்கம் போய் அடுப்பு மூட்டி, தண்ணீர் சுட்டதும் தவலையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அதற்குள் அவர் இறந்திருந்தார்.

இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நோய் என்று படுத்தவர் இல்லை. ஒரகடம் கூட்ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி ஷெட்டில் வாட்ச்மேன் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து மழையில் நனைந்துகொண்டே சைக்கிளில் வந்தார். "ஒடம்பெல்லாம் குளுருதும்மா, தண்ணி போடு" என்றார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். நான் "ரெடிப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டாம் முறையும் சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அம்மா பால் வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே நுழைந்தாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஐப்பசி. அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று சொன்னாலே வெளியூர் ஆட்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். எங்கள் கிராமம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்; ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில், ஏரியை ஒட்டிய ஊர். எனக்கு மறைமலை நகரில் ஒரு சின்ன கம்பெனியில் பாக்கிங் செக்‌ஷனில் வேலை. முதல் ஷிப்ட் வாரங்களில் விடியுமுன்பே சமைத்து முடித்துக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ரேஷன் மண்ணெண்ணெய் பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடும். மீதி நாளெல்லாம் வீட்டுக்குப் பின்னால், ஒழுகுகிற ஓலைச் சார்ப்புக்குக் கீழே விறகு அடுப்புதான்.

மழைக்காலத்தில் ஈர விறகோடு மல்லுக்கட்டிக் கட்டி நானாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். காலியான எண்ணெய் டின்னின் பக்கங்களில் ஆணியால் ஓட்டை போடுவேன். அடியில் மெழுகில் தோய்த்த பஞ்சு. கம்பெனியில் கையையும் மெஷினையும் துடைத்துவிட்டு எறிகிற வேஸ்ட் காட்டன்தான் அது. அதன் மேல் அப்பாவின் சைக்கிளிலிருந்து கழற்றிப்போட்ட பழைய டியூப், நாடா நாடாவாக நறுக்கியது. அதற்கும் மேல் உடைத்த கொட்டாங்குச்சி. டியூப் ஒருமுறை பற்றிவிட்டால் தூறலுக்கெல்லாம் அணையாது. டின்னே சுவராக நிற்பதால் காற்றும் ஒன்றும் செய்யாது. எரிகிற டின்னை ஈர விறகுக்கு அடியில் தள்ளிவிட்டால் விறகு அதன் மேலேயே உலர்ந்து, பிறகு பற்றிக்கொள்ளும். மெழுகு பக்கத்து வீட்டு அக்கா கொடுப்பது. அவர்கள் வேதக்காரர்கள். சர்ச்சிலும் கல்லறையிலும் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு பால் பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள்.

அன்று காலை அடுப்பு சட்டென்று பற்றிக்கொண்டது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் உள்ளே போனேன்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தார்கள். பெரியப்பா அப்பாவின் அண்ணன், எங்களுக்கு இருந்த ஒரே ஆம்பளைத் துணை. பெரியம்மா வந்ததும் முதல் வேலையாக, "அடுப்ப அணை. சாவு வூட்ல நெருப்பு எரியக் கூடாது" என்றாள். நான் போய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். திரும்பி வரும்போது பெரியம்மா தவலையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூடாத்தான் கீது. இதுலயே குளிப்பாட்டிடலாம்."

அவர் கேட்ட வெந்நீரிலேயே அவரைக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற அவர் உடம்பிலிருந்து ஆவி எழுந்தது. அதைப் பார்த்து அம்மா, "மூச்சு வருது, பாருங்க, மூச்சு வருது" என்று கத்தினாள். மூன்று பெண்கள் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

மழை நிற்கவே இல்லை. சொந்தக்காரர்கள் வர வர, வாசலில் கட்டிய தார்ப்பாய் தொட்டி போலத் தண்ணீர் பிடித்துத் தொங்கியது. மதியத்துக்கு மேல் கொஞ்சம் வெளுத்ததும், "இப்பவே தூக்கிடலாம், அப்புறம் கொட்ட ஆரம்பிச்சிடும்" என்று பெரியப்பா சொன்னார். எங்கள் குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கம். ஆண் பிள்ளை இல்லாததால் பெரியப்பா மகன், என் அண்ணன், கொள்ளிச்சட்டி எடுத்தான். தெரு முனைவரை நாங்கள் போனோம். அதற்குமேல் பெண்கள் போகக் கூடாது. திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டுத் தலை முழுகினோம். கழுவி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அம்மா ஈரத்தலையோடு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில். அப்போது அண்ணன் வாசலில் வந்து நின்றான். வலது கையில் ஈரத்துண்டு சுற்றியிருந்தது. புருவம் ஒரு பக்கம் கருகியிருந்தது. உள்ளே வரவில்லை.

"பத்தல சித்தி" என்றான்.

யாருக்கும் புரியவில்லை. பெரியம்மாதான் கேட்டாள். "இன்னாடா பத்தல?"

"நெருப்பு நிக்கல. வரட்டியெல்லாம் ஊறிப்போய்கீது. கட்டையும் ஈரம். இருந்த கிருஷ்ணாயில ஊத்திப் பாத்தோம். அப்புறம் மொபெட்லேர்ந்து பெட்ரோல் எடுத்து ஊத்தனேன். புஸ்ஸுனு ஆளு ஒசரத்துக்கு வந்துச்சி, கைய சுட்டுச்சி, அப்படியே அடங்கிடுச்சி."

"பொதைக்க வேண்டிதான?"

"தோண்டிப் பாத்தாச்சி. ஒரு மொழம் போறதுக்குள்ள தண்ணி ஊறுது. ஏரி ரொம்பிகீது இல்ல? எரிக்க வந்தவரு காஞ்ச வைக்கோல் கெடைக்குமான்னு மணிமங்கலம் பக்கம் சைக்கிள்ல போய்கிறாரு. எல்லா வூட்லயும் கொஞ்சம் கொஞ்சம் கிருஷ்ணாயில் வாங்கியாரச் சொன்னாரு அப்பா."

அம்மா தலையைத் தூக்கினாள். "இப்ப அவரு எப்படி கீறாரு?"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

அவன் தரையைப் பார்த்த அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அப்பா செத்ததை நம்புவதற்கே எனக்கு இன்னும் நேரம் போதவில்லை. அதற்குள், அவர் பாதி சுட்டும் சுடாமலும் மழையில் கிடக்கிறார் என்பது மண்டைக்குள் போக மறுத்தது. பெண்கள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி, "இன்னா பாவம் பண்ணாரோ" என்றாள். அதைக் கேட்டதும்தான் எழுந்தேன் என்று நினைக்கிறேன்.

பின்பக்கம் போனேன். காலையில் அணைத்த அடுப்பு சேறாகக் கிடந்தது. சார்ப்பில் மாட்டியிருந்த கோணியை அவிழ்த்துக் கொட்டினேன். டியூப், கொட்டாங்குச்சி, வேஸ்ட் காட்டன். இரண்டு டின் இருந்தது. போதாது. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தார்கள். வாசல் பேச்சு அவர்கள் காதிலும் விழுந்திருந்தது.

"இன்னா வோணும் சொல்லு" என்றார்கள்.

"டின் வோணும்க்கா. மெழுகு வோணும்."

போன வாரம்தான் கல்லறைத் திருநாள். டப்பா நிறைய மெழுகுத் துண்டுகள் இருந்தன. சிலதில் கல்லறை மண்கூட ஒட்டியிருந்தது. அக்கா அவற்றோடு அரிசி மாவு வைத்திருந்த டின்னைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கொண்டுவந்தார்கள். பெயின்ட் டப்பா ஒன்று, பிஸ்கட் டின் ஒன்று. அவர்கள் வீட்டு உள் அடுப்பில் மெழுகை உருக்கினோம். நான் டின்களில் ஆணி வைத்து அடித்தேன். சாவு வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டுப் பெரியம்மா ஓடிவந்தாள்.

"இன்னாடி பண்ற? பைத்தியம் புடிச்சிச்சா?"

"அப்பாவ எரிக்கறதுக்கு" என்றேன்.



அண்ணனிடமே கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் டின்னை எப்படி வைப்பது, எந்தப் பக்கம் ஓட்டை இருக்க வேண்டும், எப்போது விசிற வேண்டும் என்பதெல்லாம் சொல்லிப் புரியவைக்கிற காரியம் இல்லை. அவனுக்கும் ஒரு கை போயிருந்தது. குளிக்கும் மறைப்பின் கூரைத் தகரத்தைப் பிய்த்து எடுத்து அவனும் இன்னொருவரும் தலையில் தூக்கிக்கொண்டார்கள். நானும் அக்காவும் டின்களைப் பாலிதீன் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டோம். முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். வாசலைத் தாண்டும்போது அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைத் தடுக்கவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை. என்னை அடையாளம் தெரியாதவள் போலப் பார்த்தாள்.

ஏரிக்கரையேறி இறங்கினால் சுடுகாடு. கூரை கிடையாது, மேடை கிடையாது, வெறும் மேடு. பெரியப்பா சிதைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அவரிடம் குடை இருந்தது. அதைத் தன் தலைக்கு மேல் பிடித்திருக்கவில்லை. கையை நீட்டி, தம்பியின் தலை இருந்த பக்கத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் உடம்பு முழுக்க மழை வழிந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். "யார்ரா இவள இட்டாந்தது? பொம்பள இங்க வரலாமா? போ, வூட்டுக்குப் போ!"

அக்காதான் சொன்னார்கள். "எங்க கல்லறைக்கு நாங்க போறதில்லையா பெரியவரே? அவ நெருப்பு வைக்கத் தெரிஞ்சிகினு வந்துகிறா. மொதல்ல காரியத்த பாருங்க. இருட்டிடும்."

பெரியப்பா வானத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த டின்னைப் பார்த்தார். நகர்ந்து வழி விட்டார்.

காற்று அடிக்கிற பக்கம் கீழ் வரிசையில் இருந்த ஈர வரட்டிகளை எடுத்துக் குழி போல ஆக்கினால்தான் டின் உள்ளே போகும். நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஊறிப்போயிருந்ததால் கையிலேயே பிய்ந்தன. நாலைந்து எடுத்ததும் அப்பாவின் குதிகால் தெரிந்தது.

ராத்திரியெல்லாம் ஈர ஷூவில் கிடந்த கால். வெளுத்து, சுருங்கி, துணி துவைத்த கை போல இருந்தது. பெட்ரோல் நெருப்பு அதைத் தொடவே இல்லை. அவர் உட்கார்ந்திருந்தபோது எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தது. என் கையில் வரட்டி இருந்தது. அதை எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. அக்கா என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்கள். அடிதான் அது. வலித்தது. வலித்ததால் குனிந்தேன்.

நான்கு பேர் தகரத்தை மேலே தூக்கிப் பிடித்தார்கள். பெரியப்பாவின் குடைக்கடியில் டின்களைப் பற்றவைத்தேன். மெழுகுப் பஞ்சு முதலில் நீலமாக, பிறகு மஞ்சளாக எரிந்தது. டியூப் உருகி, குமிழியிட்டு, பற்றிக்கொண்டது. ஒவ்வொரு டின்னாகக் குச்சியால் உள்ளே தள்ளினேன். முறத்தால் விசிறினேன். கட்டையிலிருந்து உஸ் உஸ்ஸென்று தண்ணீர் கொதித்து வடிந்தது.

புகை கறுப்பாக எழுந்தது. டியூப் எரிகிற நாற்றம். தொண்டையைக் கிழித்தது. சந்தனக்கட்டை போட வக்கில்லாவிட்டாலும் கர்ப்பூர வாசனையோடாவது ஒரு மனிதன் போக வேண்டாமா? அப்பாவுக்குப் பஞ்சர் கடை நாற்றம். எத்தனையோ ஒட்டுப் போட்டு அவரே கையால் தேய்த்து ஒட்டிய டியூப்கள் அவை. விசிறுவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி குதிகாலைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பயம்.

கொட்டாங்குச்சிகள் பற்றிய பிறகு நெருப்பின் சத்தம் மாறியது. படபடவென்று. அடிக்கட்டை ஒன்று ஓரத்தில் சிவந்தது. அந்த நேரத்தில் எரிக்க வந்தவரும் பாலிதீனில் சுற்றிய வைக்கோல் கட்டோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார். டின்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நிக்கும்மா. இனிமே நான் பாத்துக்கறேன். நீ தள்ளு" என்று சொல்லி வைக்கோலை உள்ளே திணித்தார். குப்பென்று நெருப்பு மேலே ஏறியது. தகரம் பிடித்தவர்கள் சூடு தாங்காமல் அதைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருந்தது. அந்த உயரத்துக்கு நெருப்பு வந்த பிறகு மழையால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

பெரியப்பா குடையைச் சுருக்கினார். அப்போதுதான் வாய்விட்டு அழுதார். தம்பி செத்த செய்தி அப்போதுதான் கிடைத்தது போல.

வீட்டுக்கு வந்து மறுபடி தலை முழுகினேன். என் கையெல்லாம் கரி. எத்தனை சோப்புப் போட்டும் ரப்பர் நாற்றம் போகவில்லை. அம்மா தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தாள், பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஊர் பேசியது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னைப் பார்த்துக் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். கம்பெனி பஸ்ஸில்கூட ஒரு பெண், "நீதானா அது?" என்று கேட்டாள். எதுவென்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காரியத்தன்று சொந்தமெல்லாம் கூடியிருந்தது. சாப்பாட்டுப் பந்தி முடிகிற நேரம், பெரியம்மா யாரிடமோ பேசுவது போல எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"அப்பனுக்கு டயர கொளுத்திப் போட்டவள நாளைக்கி எவன் வந்து கட்டுவான்?"

நான் மோர் ஜாடியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தேன். பந்தியில் கடைசியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா இலையை மூடினார்.

"அவ வரலன்னா என் தம்பிய அன்னிக்கி நாயிதான் இழுத்துகினு போயிருக்கும்" என்றார். சத்தமே போடவில்லை. "கட்றவன் கட்டட்டும். கட்டாங்காட்டி நம்ம வூட்ல இருக்கட்டும். இந்தப் பேச்ச இதோட வுடு."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. பெரியம்மா முகம் வெளிறிப்போனது. எனக்கும்தான். நாய் என்ற சொல்லைக் கேட்டதும், அன்று எது எதிலிருந்து அவரைக் காப்பாற்றினோம் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொல்லைக்குப் போய் வாந்தியெடுத்தேன்.

எல்லோரும் போன பிறகு, மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பின்பக்கம் வந்தாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"கைய கழுவிகினு வா. என்ன அங்க இட்டுகினு போ."

"எங்கம்மா?"

"நீ போன எடத்துக்கு."

புருஷனை இழந்தவள் இத்தனை சீக்கிரம் வாசல் தாண்டக் கூடாது. அதிலும் அந்த இடத்துக்கு! நான் அதிர்ந்துபோய் அவளையே பார்த்தேன். அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

தெருவில் பார்த்தவர்கள் பார்த்தார்கள். அம்மா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கரையேறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். உச்சிக்கு வந்ததும் நின்றாள். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் எட்டாத மேடு, சாம்பல் கழுவிப் போன கறுப்புத் திட்டு, அதன் ஓரத்தில் முளைவிட்ட புல்.

"அதானா?"

"அதாம்மா."

அவள் நாங்கள் வந்த பக்கம் திரும்பினாள். எங்கள் வீட்டு ஓடு தெரிந்தது. கொடியில் நான் காலையில் காயப்போட்ட பாவாடைகூடத் தெரிந்தது. மறுபடி மேட்டைப் பார்த்தாள். மறுபடி வீட்டை.

"கண்ணாலம் கட்டி வந்ததுலேர்ந்து இந்த வூட்லதான் கீறேன்" என்றாள். "எங்கியோ தூரத்துல கீதுன்னு நெனச்சிகினு இருந்தேன். இவ்ளோ கிட்டவா கீது?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் மேட்டுப் பக்கச் சரிவில் இறங்கத் தொடங்கினாள்.